வெளியே சாப்பிட்டு விமான மைல் சேர்ப்பது: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"வெளியே சாப்பிட்டால் விமான மைல் கிடைக்குமாமே, எந்தக் கார்டு எடுக்கலாம்?" என்று இந்த இழையில் மாதம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். விமான மைல் என்பது விமான நிறுவனம் தரும் புள்ளி, சேர்த்துவைத்தால் டிக்கெட் எடுக்கலாம். கார்டுக்கு அப்புறம் வருவோம். முதலில் நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்கு எந்த ஊர்?

கேலிக்குக் கேட்கவில்லை. சென்னைக்காரருக்கு ஒரு பதில், திருச்சிக்காரருக்கு வேறு பதில். இங்குள்ள உணவகங்களில் சேரும் மைல் பெரும்பாலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையர் கணக்குக்குத்தான் போகும். அந்த விமானம் தமிழ்நாட்டில் இறங்குவது சென்னையில். திருச்சிக்கும் கோவைக்கும் அதே குழுமத்தின் மலிவு விலை விமானமான ஸ்கூட் போகிறது. ஸ்கூட்டிலும் கிரிஸ்ஃபிளையர் மைலைச் செலவழிக்கலாம். ஆனால் ஒரு மைலுக்குக் கிடைக்கும் மதிப்பு பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் போகிறவர்களுக்கு இந்த மைலால் பயனே இல்லை.

ஆகவே வருடத்துக்கு ஒருமுறை எது மலிவோ அதில் ஏறி நேராகத் திருச்சியில் இறங்குகிறவர் என்றால், மைல் கார்டை விட்டுவிட்டு, கட்டிய பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் கேஷ்பேக் கார்டை எடுங்கள். மைலை வீணாக்கக் கூடாது என்று சென்னையில் இறங்கி, கைக்குழந்தையோடும் நாலு பெட்டியோடும் எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்கு இந்தப் பாடு? சென்னைப் பக்கம் வீடு உள்ளவர்கள், ஜப்பான், ஆஸ்திரேலியா என்று எப்போதாவது சுற்றக் கிளம்புகிறவர்கள், தொடர்ந்து படியுங்கள்.

உணவகத்தில் மைல் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று உங்கள் வங்கி, கடன் அட்டைக்குத் தருவது. இன்னொன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தின் கிரிஸ் பிளஸ் என்ற செயலி வழியாகக் கடை தருவது. இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது, ஒரே பில்லில் இரண்டையும் வாங்கலாம். இது தெரியாமல் பலர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள்.

அமெரிக்காவிலிருந்து இங்கே மாறி வந்த ஒருவர் கேட்டிருந்தார். அங்கே விமான நிறுவனங்களின் உணவகத் திட்டத்தில் கார்டு எண்ணை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் போதும். திட்டத்தில் உள்ள கடையில் வழக்கம்போலக் கார்டைத் தேய்த்தால் மைல் தானாக வந்துவிடும். கிரிஸ் பிளஸ் அப்படி இல்லை. கல்லாவில் நின்று, பணம் கட்டும் முன் செயலியைத் திறந்து, கடையின் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து, தொகையைத் தட்டி, செயலிக்குள்ளேயே பணம் கட்ட வேண்டும். கார்டை நேராகத் தட்டிவிட்டு அப்புறம் செயலியைக் காட்டினால் ஒன்றும் கிடைக்காது. பின்னால் வரிசை நிற்கும், பரிமாறும் தம்பிக்கும் அந்தக் குறி எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. உட்காரும்போதே "கிரிஸ் பிளஸ் உண்டா, இந்தக் கிளையிலும் உண்டா" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடையின் ஒரு கிளையில் இருக்கும், அடுத்த கிளையில் இருக்காது.

ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) எத்தனை மைல் என்பது கடைக்குக் கடை மாறும், விழாக் காலச் சலுகையில் ஏறும், பிறகு சொல்லாமல் இறங்கும். அதனால் பட்டியல் போடப் போவதில்லை. போட்டால் அடுத்த மாதமே பழசாகிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கிரிஸ் பிளஸில் சேரும் மைல் முதலில் அந்தச் செயலியின் பணப்பையில்தான் விழும். அதைக் கிரிஸ்ஃபிளையர் கணக்குக்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும், அதற்குக் குறிப்பிட்ட சில நாட்கள்தான் அவகாசம். விட்டுவிட்டால் அந்த மைல் கடைகளில் தள்ளுபடியாகக் கழிக்க மட்டுமே ஆகும், அதுவும் அடிமாட்டு விலைக்கு. கொஞ்ச மாதத்தில் அதுவும் காலாவதி. காப்பி வந்து சேர்வதற்குள் மாற்றும் பொத்தானைத் தட்டிவிடுங்கள். கிரிஸ்ஃபிளையருக்குப் போன மைல் பொதுவாக மூன்று வருடம் இருக்கும்.

செயலியைப் புதிதாகப் போடும்போது ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரின் அழைப்புக் குறியீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல்முறை பணம் கட்டும்போது கொஞ்சம் கூடுதலாக வரும். (இங்கே கீழே வந்து குறியீட்டை ஒட்டாதீர்கள், போன இழையை அதுதான் நாசமாக்கியது.)

இனி கார்டு. பொதுவான மைல் கார்டுகள் உள்ளூர்ச் செலவுக்கு ஒரு வெள்ளிக்கு 1.2லிருந்து 1.4 மைல் வரை தருகின்றன. சாப்பாடு, இணையச் செலவு, கைப்பேசியைத் தட்டிக் கட்டுவது என்று ஒரு வகைக்கென்றே இருக்கும் கார்டுகளில் 4 மைல் வரை கிடைக்கும், ஆனால் மாதத்துக்கு இவ்வளவு வெள்ளி வரைதான் என்ற வரம்போடு. வரம்பு தாண்டினால் விகிதம் தரைக்கு வந்துவிடும். அந்த மாதக் கணக்கு நாட்காட்டி மாதமா, பில் மாதமா என்பதை விதிமுறையில் தேடிப் படியுங்கள். யூஓபி போன்ற வங்கி 5 வெள்ளிக்கு ஒரு யூனி டாலர் (அவர்களின் புள்ளிக்கு அதுதான் பெயர்) என்று கணக்கிடுகிறது. 14 வெள்ளி 90 காசு பில்லில் அவர்கள் எண்ணுவது 10 வெள்ளியை மட்டும். சின்னச் சின்ன பில்லாகக் கட்டுகிறவர்களுக்கு இதில் நிறைய ஒழுகிப் போகும்.

இன்னொரு சிக்கல், கடையின் வகைக் குறியீடு. ஒரு கடை உணவகமா இல்லையா என்பதை வங்கி உங்கள் வயிற்றைக் கேட்டு முடிவு செய்வதில்லை. பணம் கட்டும் எந்திரத்தில் கடைக்குக் கொடுத்திருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார்க்கிறது. உணவகம் என்றால் 5812, விரைவு உணவு என்றால் 5814. ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டால் அது தங்கும் விடுதிக் கணக்கில் பதிவாகலாம். பேரங்காடிக்குள் இருக்கும் சாப்பாட்டுப் பகுதிக்கும் அதே கதை. மிட்டாய்க்கடை, பேக்கரி எல்லாம் தனி எண். பெரிய விருந்து வைக்கும் முன் அந்த இடத்தில் ஒரு தேநீர் குடித்து, எந்த வகையில் பதிவாகிறது என்று பார்க்கிறவர்கள் உண்டு. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் பில் ஆயிரம் வெள்ளி என்றால் அர்த்தம் இருக்கிறது.

சரி, நாம் தினமும் சாப்பிடுவது எங்கே? லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவங்காடி நிலையத்திலும் குடியிருப்பு புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையிலும். அங்கே ரொக்கம், பேநவ் (கைப்பேசியில் வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்புவது), நெட்ஸ் (உள்ளூர் டெபிட் கட்டண முறை). கடன் அட்டை எடுக்கும் கடை அபூர்வம். பேநவில் கட்டினால் மைல் கிடையாது. மைலுக்காக அந்தச் சாப்பாட்டை விட்டு உணவகத்துக்கு மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம், இன்னொன்று 9 சதவீத பொருள் சேவை வரி (2024 ஜனவரியில்தான் 8லிருந்து 9 ஆனது). வரி, சேவைக் கட்டணத்தின் மேலும் விழும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 119 வெள்ளி 90 காசு கட்ட வேண்டும். அந்த 19 வெள்ளி 90 காசை எந்த மைலும் ஈடுகட்டாது.

கணக்கையே போட்டுவிடுவோம். அந்த 119.90 பில்லுக்கு 4 மைல் தரும் கார்டில் ஏறக்குறைய 480 மைல். கடை கிரிஸ் பிளஸில் வெள்ளிக்கு 3 மைல் தருகிறது என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 350 சொச்சம். மொத்தம் 830, 840. சென்னைக்கு ஒருவழி சாதாரண வகுப்பு, குறைந்த மைல் டிக்கெட், ஏறத்தாழ 20,000 மைல் கேட்கும். வரியும் விமான நிலையக் கட்டணமும் தனியாகக் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆக, குடும்பத்தோடு மாதம் இரண்டு முறை இப்படிச் சாப்பிட்டால் ஒரு வருடத்தில் ஒருவர் ஊருக்குப் போகலாம். திரும்பி வருவதற்கு இன்னொரு வருடம் சாப்பிட வேண்டும்!

அதனால் என் கருத்து இதுதான்: எப்படியும் நடக்கப்போகிற பெரிய பில்லை மட்டும் குறிவையுங்கள். பிறந்தநாள், ஊரிலிருந்து வந்த உறவினருக்கு விருந்து, அலுவலகத்தில் யாரையாவது வழியனுப்புவது. இந்த ஊரில் கூட்டமாகச் சாப்பிட்டால் ஒருவர் கார்டில் கட்ட, மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்து பேநவில் தங்கள் பங்கை அனுப்பிவிடுவார்கள். யாருக்கும் கூச்சம் கிடையாது. அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். பத்துப் பேர் பில்லுக்கான மைல் உங்களுக்கு. என்ன, ஒவ்வொரு முறையும் "நான் கட்டுறேன், நான் கட்டுறேன்" என்று பாய்ந்தால் இரண்டாவது மாதமே காரணம் எல்லாருக்கும் புரிந்துவிடும். முறை வைத்துக்கொள்ளுங்கள். பங்கை அனுப்பாமல் இழுத்தடிக்கும் ஆள் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் உண்டு, அவரிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற கூப்பன் கிடைக்கும் கடையில் மைலை மறந்துவிடுங்கள். பாதி பில் மிச்சமாவதற்கு முன்னால் மைல் எம்மாத்திரம்?

கடன் அட்டையில் மீதி வைக்கும் பழக்கம் உள்ளவர்களும் இந்தப் பக்கம் வராதீர்கள். இங்கே வட்டி ஆண்டுக்கு 27, 28 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மைலின் மதிப்பு சில மாத வட்டியில் கரைந்துவிடும். வங்கிப் புள்ளிகளைக் கிரிஸ்ஃபிளையருக்கு மாற்றவும் ஒவ்வொரு முறையும் 25 வெள்ளி போலக் கட்டணம் உண்டு, ஆகவே சேர்த்துவைத்து மொத்தமாக மாற்றுங்கள். ஆண்டுக் கட்டணம் வந்தால் வங்கிக்கு அழைத்துத் தள்ளுபடி கேளுங்கள், பல நேரம் கொடுத்துவிடுவார்கள்.

"எனக்கு இன்னும் கடன் அட்டையே தரவில்லை" என்று எழுதிய தம்பிக்கு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி இருந்தால் போதும். வேலை அனுமதியில் இருக்கும் நமக்கு வங்கிகள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும், எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி வேறு. அனுமதி முடியும் தேதி நெருங்கியிருந்தாலும் யோசிப்பார்கள். சம்பளம் வரவாகும் வங்கியிலேயே முதலில் கேட்டுப் பாருங்கள். அதுவரை டெபிட் கார்டைக் கைப்பேசிப் பணப்பையில் ஏற்றி கிரிஸ் பிளஸில் கட்டுங்கள். கடை தரும் மைலாவது வரும். நிரந்தர வைப்பில் பணம் போட்டு அதன் பேரில் கார்டு வாங்கும் வழியும் உண்டு, ஆனால் அதற்குப் பொதுவாக 10,000 வெள்ளி முடங்கும். மைலுக்காக மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

சேர்த்ததை எப்படிச் செலவழிப்பது என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அப்பா அம்மாவை அழைத்து வருவதற்குத்தான் நான் சொல்வேன். கிரிஸ்ஃபிளையர் கணக்கில் ஐந்து பேர் வரை பெயர் கொடுத்துவைக்கலாம், அவர்களுக்கு உங்கள் மைலில் டிக்கெட் எடுக்கலாம். தீபாவளி, பொங்கல், டிசம்பர் பள்ளி விடுமுறை என்றால் குறைந்த மைல் இருக்கைகள் சீக்கிரம் போய்விடும். ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பே இருக்கை திறக்கிறது, தேதி தெரிந்த அன்றே பாருங்கள். பதிவு செய்யும் முன் அதே விமானத்தின் காசு விலையையும் பாருங்கள். வரியைக் கழித்துவிட்டு மைலால் வகுத்தால், ஒரு மைலுக்கு ஒரு சென்ட்கூடத் தேறவில்லை என்றால் காசு கொடுத்து ஏறிவிட்டு மைலை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம் ஆட்கள் மட்டுமே மாட்டிக்கொள்ளும் ஒன்று: பெயர். கடவுச்சீட்டில் ஒரே பெயர், வங்கியில் அப்பா பெயரோடு, கிரிஸ்ஃபிளையரில் இனிஷியலோடு என்று மூன்று விதமாக இருந்தால் வங்கியிலிருந்து மைல் மாற்றும்போது நின்றுபோகலாம், டிக்கெட் எடுக்கும்போதும் தகராறு வரும். கணக்குத் தொடங்கும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். ஏற்கெனவே தப்பாக இருந்தால் மைல் சேரும் முன்பே கடவுச்சீட்டு நகலோடு எழுதித் திருத்திவிடுங்கள். அப்பா அம்மாவின் பெயரைப் பட்டியலில் சேர்க்கும்போதும், அவர்கள் கடவுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்துத் தட்டுங்கள்.