டார்க் சாக்லேட் 2 கிலோ, கையில் 60 யூரோ, சனிக்கிழமை ஊருக்குப் போகணும்

கருங்கல்காரன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். இங்கே வந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது, முதல் சம்பளம் இன்னும் ஏறவில்லை. தங்கச்சி நல்ல டார்க் சாக்லேட் 2 கிலோ கேட்டிருக்கிறாள். நேற்று கடையில் பார்த்தது 100 கிராம் 4 யூரோ, அப்படியென்றால் 80 யூரோ ஆகும், கையில் இருப்பதே 60. விலை குறைவாக, ஆனால் நல்லதாக எது கிடைக்கும்?

தக்கலை அக்கா:
மக்கா, அது கிடக்கட்டும், நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நான் வந்த புதிதில் மூணு மாதம் சோறும் முட்டையும்தான், அம்மா தந்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி அதையும் சோற்றில் விட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். இந்தத் தடவை முடியாது என்று தங்கச்சியிடம் சொல்லு, புரிந்துகொள்வாள்.

குளச்சல் தம்பி:
ஆல்டி கடையில் மோசர் ராத், லிடில் கடையில் ஜே.டி. கிராஸ் என்கிற சாக்லேட். ரெண்டுமே 125 கிராம், கொடுக்கிற காசுக்கு நல்ல சரக்கு. கொக்கோ 85 சதவீதத்துக்குக் கீழே எடுக்காதே, மற்றதில் சர்க்கரை அதிகம்.

மார்த்தாண்டம்:
85 வேண்டவே வேண்டாம். எங்கள் சித்தப்பா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, வேப்பங்கொழுந்து மாதிரி இருக்கிறது என்று துப்பிவிட்டார். ஊருக்கு 50 போதும்.

தக்கலை அக்கா:
அங்கே போனதும் பெட்டியைத் திறக்கும் முன்பே சாக்லேட் எங்கே என்றுதான் கேட்பார்கள். இருபது வீட்டுக்குப் பங்கு வைக்கணும், ஒரு வீடு விட்டுப்போனால் அடுத்த வருடம் வரை பேச்சு. நாம் என்ன பாடு படுகிறோம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

மார்த்தாண்டம்:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. நமக்கு யாராவது ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து கொடுத்துவிடுகிறார்களா?

பூதப்பாண்டி அண்ணன்:
தம்பி, யூரோ என்றால் எந்த நாடு? தின்னவா, கேக் செய்யவா?

கருங்கல்காரன்:
ஜெர்மனி அண்ணா. தங்கச்சி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள், அடுத்த வாரம் ஒரு கல்யாணக் கேக் இருக்கிறது. ஊரில் வாங்கிய கட்டி மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டுகிறதாம்.

பூதப்பாண்டி அண்ணன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அந்த மெழுகுச் சுவை கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் சேர்க்கிற வேறு கொழுப்பால் வருவது. நீ தின்கிற சாக்லேட் இருக்கிற பக்கமே போகாதே. மாவும் பேக்கிங் பவுடரும் அடுக்கியிருக்கிற வரிசையில் ‘ட்ஸார்ட்பிட்டர் குவெர்ட்யூரெ’ என்று, அதாவது கேக்குக்கு உருக்குகிற டார்க் சாக்லேட், 200 கிராம் கட்டி இருக்கும், கடையின் சொந்தப் பெயரில் இருப்பதை எடு. குவெர்ட்யூரெ என்று எழுதினால் குறைந்தது 31 சதவீதம் கொக்கோ வெண்ணெய் இருக்கவேண்டும், ஐரோப்பியச் சட்டம் அப்படி. அதே வரிசையில் ‘ஃபெட்கிளாஸூர்’ (வேறு கொழுப்பில் செய்த மேல்பூச்சு) என்றும் ஒன்று இருக்கும், அதைத் தொடாதே, தங்கச்சி குறை சொல்கிற சங்கதியேதான் அது. பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் சர்க்கரை முதலில் போட்டிருந்தால் பரவாயில்லை, பாம்ஃபெட் (பனைக் கொழுப்பு, பாமாயில் வகை) என்று இருந்தால் திரும்ப வைத்துவிடு. பாக்கெட் விலையை விட்டுவிட்டு, அலமாரித் தட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் சின்ன எழுத்தில் கிலோ விலை இருக்கும், அதை ஒத்துப்பார்.

அப்புறம், பெட்டியில் துணிக்கு நடுவில் வை. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், திருவனந்தபுரத்தில் இறங்கி வீடு போகும்வரை காரில் வெயில் படாமல் பார்த்துக்கொள். உருகி இறுகி மேலே வெள்ளையாகப் படர்ந்தால் பூஞ்சை என்று தங்கச்சி தூக்கிப் போட்டுவிடப் போகிறாள், அது கொழுப்புதான், கேக்குக்குத் தாராளமாக உருக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் காற்றுப் புகாத டப்பாவில், இல்லையென்றால் மீன்குழம்பு வாசனை ஏறிவிடும்.

கருங்கல்காரன்:
கிடைத்துவிட்டது அண்ணா, மாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பின்பக்கம் பாம்ஃபெட் இல்லை. 10 கட்டி எடுத்தேன், காசும் மிஞ்சியது. தக்கலை அக்கா, அரிசியும் வாங்கிவிட்டேன்.