தமிழும் ஜெர்மனும்: மகனுக்கு எப்படி உதவுவது?

வணக்கம். நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்தரை வயது. ஏடிஹெச்டி (கவனம் சிதறுவதும் அதிகத் துறுதுறுப்பும் கொண்ட குறைபாடு) இருப்பது ஆறு மாதம் முன்பு உறுதியானது. வீட்டில் தமிழ், மழலையர் பள்ளியில் ஜெர்மன். தமிழில் வாய் ஓயாமல் பேசுபவன், அங்கே ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறான். "ஷூவைப் போடு, ஜாக்கெட்டை எடு, வரிசையில் நில்" என்று ஆசிரியை ஒரே மூச்சில் ஜெர்மனில் சொன்னால், ஒற்றை ஷூவை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறான். புரியவில்லையா, கவனம் சிதறியதா என்று எனக்குத் தெரியவில்லை. தமிழிலும் மூன்றாவது வேலை மறந்துபோகும்தான்.

வீட்டிலும் ஜெர்மனே பேசுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு மொழி கேட்பதால் ஏடிஹெச்டி வராது, அதிகமாகவும் ஆகாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தமிழைக் கைவிட எனக்கு மனமே இல்லை. ஊரில் இருக்கும் அம்மாச்சியோடு அவன் பேசுவது அதில்தான்.

இங்கே பவேரியாவில் பள்ளிக்கு முன் 240 மணி நேர ஜெர்மன் வகுப்பு உண்டு. இவனைப் போன்ற பிள்ளையை அதில் சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா? குழுவில் உட்கார முடிந்ததா? பேச்சுப் பயிற்சியாளர் இரண்டு மொழியிலும் சோதித்தாரா? படம் காட்டி, ஒரு நேரத்தில் ஒரே வேலை சொன்னால் கொஞ்சம் பலன் தெரிகிறது. அப்புறம் வேறு என்ன செய்யலாம், தயவுசெய்து சொல்லுங்கள்.