பத்தாம் வகுப்பு இயற்பியல் திருப்புதல்: மின்னோட்டவியலுக்கும் லென்சுக்கும் என்ன செயல்பாடு வைக்கலாம்?

சாக்பீஸ்:
வணக்கம். பத்தாம் வகுப்பு, 42 பிள்ளைகள், 45 நிமிட பீரியடு. திருப்புதலுக்கு மின்னோட்டவியலுக்கு நான்கு, ஒளியியலுக்கு இரண்டு பீரியடு இருக்கிறது. சூத்திரத்தை மறுபடி பலகையில் எழுதிப் போடாமல், பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்கும்படி நடத்த வேண்டும். மூன்று இடத்தில் முட்டுகிறது. டார்ச் பல்பை வைத்து ஓம் விதிக்கு வரைபடம் போட்டால் கோடு வளைகிறது. பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதல் பல்பும் மங்குகிறது. புத்தகத்தில் மங்காது என்று இருக்கிறது. லென்சில் இரண்டு மூன்று குழுக்களுக்குப் பிம்பமே விழுவதில்லை.

கையில் உள்ளவை: 10 செ.மீ. குவியத் தொலைவு உள்ள குவிலென்சு ஆறு, டிஜிட்டல் மல்டிமீட்டர் மூன்று, பென்டார்ச் செல்கள், 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் பல்புகள், 28 கேஜ் நிக்ரோம் கம்பி ஒரு சுருள்.

செப்புக்கம்பி:
பல்பு சரியாகத்தான் நடந்துகொள்கிறது. ஓம் விதியில் 'மாறா வெப்பநிலையில்' என்று ஒரு சொல் இருக்கிறதே, மனப்பாடம் செய்யும்போது பிள்ளைகள் விட்டுவிடுவது அதைத்தான். 2.5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் என்றால் எரியும்போது மின்தடை சுமார் 8.3 ஓம். அதே பல்பை அணைத்து, ஆறவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் ஒன்றிரண்டு ஓம்தான் காட்டும். இந்த இரண்டு எண்ணையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, 'ஏன்?' என்று கேட்டு நிறுத்துங்கள். பத்து நிமிடம் அதற்கே போகட்டும், வீண் இல்லை.

நேர்கோட்டுக்கு உங்கள் நிக்ரோம் போதும். 28 கேஜ் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 10 ஓம். ஒரு மீட்டர் வெட்டி, மரச்சட்டத்தில் இரண்டு ஆணிக்கு இடையே இழுத்துக் கட்டுங்கள். ஸ்கேலில் சுற்றினால் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்குச்சுற்று ஆகும். மின்தடை குறைந்து, கணக்கு எங்கே போனது என்று தெரியாது. ஈயப் பற்று நிக்ரோமில் சாதாரணமாக ஒட்டாது, முதலைக் கிளிப்தான் நல்லது. கிளிப் படும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஒரு செல், இரண்டு செல், மூன்று செல் என்று கூட்டினால் 0.15, 0.30, 0.45 ஆம்பியரை ஒட்டி வரும். 'செல் எண்ணிக்கை பெருக்கல் 1.5' என்று எழுத விடாதீர்கள். மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியின் இரு முனையிலும் வோல்ட்டை அளந்து எழுதட்டும். மின்னோட்டம் எடுத்தால் பென்டார்ச் செல் இறங்கும். பெருக்கல் எண்ணைப் போட்டால் நல்ல கம்பிக்கும் கோடு கோணலாகும்.

பிறகு அதே வரைபடத்தாளில் பல்பையும் போடுங்கள். இரண்டு செல்லோடு பல்பையும் நிக்ரோமையும் தொடரில் மாட்டி, கிளிப்பை ஒரு மீட்டர், 50 செ.மீ., 20 செ.மீ. என்று நகர்த்தினால் பல்புக்குக் கிடைக்கும் வோல்ட் படிப்படியாக மாறும். ஒரே தாளில் ஒரு நேர்கோடு, ஒரு வளைகோடு. இதைப் பார்த்த பிள்ளை 'மாறா வெப்பநிலை'யை அப்புறம் விடாது.

பக்க இணைப்பு மங்குவதற்குக் காரணம் செல்லின் அக மின்தடை. இதைக் கணக்காகவே கொடுத்துவிடலாம்: 3 வோல்ட், செல்களுக்கு உள்ளே மொத்தம் 1 ஓம், ஒவ்வொரு பல்பும் 8 ஓம் என்று வையுங்கள். ஒரு பல்பு என்றால் அதற்கு 2.67 வோல்ட். இரண்டு பல்பு பக்க இணைப்பில் 4 ஓம், ஆக 2.4 வோல்ட். மங்கத்தானே செய்யும்!

மங்காமல் காட்ட வேண்டுமானால் பவர் பேங்க் எடுங்கள். தட்டை முனை உள்ள பழைய யூ.எஸ்.பி. கேபிளை வெட்டினால் சிவப்பு நேர்முனை, கறுப்பு எதிர்முனை, 5 வோல்ட். மற்ற ஒயர்களை டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். உங்கள் 2.5 வோல்ட் பல்பை இதில் நேராக மாட்டினால் போய்விடும். 6 வோல்ட் பல்பு வாங்குங்கள். ஒரே ஒரு எல்.இ.டி. மட்டும் போட்டால் பல பவர் பேங்குகள் 'யாரும் சார்ஜ் போடவில்லை' என்று நினைத்துச் சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடும். பல்பு அதைவிட அதிக மின்னோட்டம் எடுப்பதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

ஒளிக்கதிர்:
லென்சுக்கு நான் சொல்கிறேன். பிம்பம் விழாத குழுக்களின் மேசையைப் போய்ப் பாருங்கள். பொருளுக்கும் திரைக்கும் நடுவில் 40 செ.மீ.க்குக் குறைவாக இருக்கும். மெய்பிம்பம் விழ, பொருளுக்கும் திரைக்கும் இடையே குறைந்தது குவியத் தொலைவைப் போல் நான்கு மடங்கு வேண்டும். 35 செ.மீ.யில் இரண்டையும் வைத்துவிட்டு லென்சை எப்படி நகர்த்தினாலும் தெளிவான பிம்பம் கிடைக்காது.

இதையே செயல்பாடாக மாற்றுங்கள். மூன்று குழுவுக்கு 35 செ.மீ., மூன்று குழுவுக்கு 50 செ.மீ. என்று பொருளையும் திரையையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். லென்சை மட்டும் நகர்த்தலாம். 50 செ.மீ. குழுவுக்கு இரண்டு இடத்தில் பிம்பம் கிடைக்கும்: பொருளிலிருந்து சுமார் 13.8 செ.மீ.யில் பெரியது, 36.2 செ.மீ.யில் சிறியது. 35 குழு 'எங்கள் லென்சு கெட்டுப்போச்சு' என்று சொல்லும். லென்சை மாற்றிக் கொடுங்கள், அப்போதும் விழாது. அங்கேயிருந்து லென்சு சமன்பாட்டுக்குப் போனால் பிள்ளைகள் தாமாகவே கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள்.

பொருளாக மெழுகுவத்தி வேண்டாம். சுடர் ஆடும், எரிய எரிய உயரம் குறைந்து லென்சின் நடுவை விட்டு இறங்கும். பட்டர் பேப்பரில் 2 செ.மீ. உயரத்தில் 'எ' என்று கறுப்பு மையால் எழுதி, பின்னால் கைபேசி டார்ச்சைப் பிடியுங்கள். அம்புக்குறி போட்டால் தலைகீழ் மட்டும்தான் தெரியும், இடவலம் தெரியாது. ஆனால் ஒன்று: வெள்ளை அட்டைத் திரையில் லென்சு இருக்கும் பக்கம் நின்று பார்த்தால் 'எ' மேல்கீழ் மட்டும் கவிழ்ந்திருக்கும். பட்டர் பேப்பரைத் திரையாக வைத்துப் பின்பக்கம் நின்று பார்த்தால் இடவலமும் சேர்ந்து மாறியிருக்கும். எல்லாக் குழுவையும் ஒரே வகைத் திரையில், ஒரே பக்கம் நின்று பார்க்க வையுங்கள், இல்லாவிட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். இரண்டு பக்கமும் சரியாகத்தான் சொல்லும்.

கடைசியாக லென்சின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள். மறைக்கும் முன் என்ன ஆகும் என்று கட்டாயம் எழுதி வாங்குங்கள். பெரும்பாலோர் 'பாதி பிம்பம்' என்பார்கள். முழு பிம்பமும் இருக்கும், வெளிச்சம் மட்டும் குறையும்.

திருகு அளவி:
'எழுதி வாங்குங்கள்' என்று சொன்னாரே, அதுதான் இந்த வேலையின் உயிர். முன்கணிப்பு இல்லாமல் செய்தால் பல்பு எரிந்தது, பீரியடு முடிந்தது, அவ்வளவுதான்.

அ, ஆ, இ, ஈ என்று நான்கு அட்டை ஆளுக்கு. கேள்வியைப் போட்டு ஒரு நிமிடம் பேசாமல் யோசிக்க விட்டு, ஒரே நேரத்தில் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் வளர்த்தெடுத்த முறை இது. சரியான விடை 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு மறுபடி தூக்கச் சொல்ல வேண்டும். 30க்குக் கீழே போனால் பேச விட்டுப் பயனில்லை, நீங்களே மறுபடி நடத்துங்கள். 70க்கு மேல் என்றால் இரண்டு வரி விளக்கம் போதும்.

ஒரு நல்ல கேள்வி: மூன்று ஒரே மாதிரி பல்புகள். முதல் பல்புக்குத் தொடரில், பக்க இணைப்பாக இரண்டாவதும் மூன்றாவதும். மூன்றாவதைக் கழற்றினால் மற்ற இரண்டும் என்ன ஆகும்? 'ஒன்றும் மாறாது' என்றுதான் நிறைய அட்டை எழும். மின்தடையை மாறாததாக எடுத்தால், முதல் பல்புக்கு மூன்றில் இரண்டு பங்காக இருந்த வோல்ட் பாதியாகக் குறைந்து அது மங்கும். இரண்டாவதுக்கு மூன்றில் ஒரு பங்கு பாதியாக ஏறிப் பிரகாசமாகும். பவர் பேங்க்கில் உடனே மாட்டிக் காட்டுங்கள். மூன்று நாள் கழித்து அதே சுற்றை 12 வோல்ட், 6 ஓம் என்று எண் போட்டுக் கேளுங்கள்.

செய்முறைக்கு 25 மதிப்பெண் இருப்பதால் மின்தடை எண்ணையும் (கம்பி எந்தப் பொருளால் ஆனதோ அதற்கே உரிய அளவு) இதோடு சேர்த்துவிடலாம். நிக்ரோம் கம்பியின் விட்டம் 0.376 மி.மீ. திருகு அளவி வாய் மூடியிருக்கும்போதே காட்டும் சுழிப்பிழை 0.03 மி.மீ.யைத் திருத்தாமல் விட்டால் விட்டத்தில் 8 விழுக்காடு பிழை. குறுக்குப் பரப்பில் விட்டம் இருமடியாக வருவதால் மின்தடை எண்ணில் சுமார் 16.

சாக்பீஸ்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. 35, 50 செ.மீ. யோசனையை நாளைக்கே வைக்கிறேன். ஒரு சின்ன சந்தேகம்: மூன்று மல்டிமீட்டரில் இரண்டு, மின்னோட்டம் அளக்கும்போது சுழியம் காட்டுகிறது. வோல்ட் சரியாக இருக்கிறது.

செப்புக்கம்பி:
உள்ளே ஃபியூஸ் போயிருக்கும். மில்லி ஆம்பியர் அளவில் வைத்து யாராவது நேராகச் செல்லில் தொட்டிருப்பார்கள். பின்மூடியைத் திறந்து, அதே ஆம்பியர் அளவுள்ள கண்ணாடி ஃபியூஸ் போடுங்கள். கம்பியை வைத்து ஒட்டுப்போட வேண்டாம். நிக்ரோமுக்கு 200 மில்லி ஆம்பியர் அளவு போதாது, சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். அளந்து முடிந்ததும் அதை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். 10 ஆம்பியர் துளையிலேயே விட்டு செல்லின் வோல்ட்டை அளக்கப் போனால் மீட்டரே குறுக்குச்சுற்றாகிவிடும். விலை குறைந்த மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸும் இருக்காது. குழுவுக்கு ஒருவரை 'துளை பார்ப்பவர்' என்று வைத்து, அவர் சரி என்று சொன்ன பிறகே முனையைத் தொட விடுங்கள்.