நிமாலிங்ல ராஜ்மா பாக்கெட் ஊறவே மாட்டேங்குது, என்ன வழி?

மலைக்காத்து: லடாக்ல மார்க்கா வேலி ட்ரெக், நிமாலிங் கேம்ப், 4,800 மீட்டர் கிட்ட. ஃப்ரீஸ் ட்ரைடு (உறைய வச்சு உலர்த்தின) ராஜ்மா சாதம் பாக்கெட்ல தண்ணி தளதளன்னு கொதிச்சப்புறம்தான் ஊத்தினோம், போட்டிருந்தபடி 10 நிமிஷம் மூடியும் வச்சோம், திறந்தா சாதம் பரவால்ல ஆனா ராஜ்மாவ கடிச்சா நடுவுல சுண்ணாம்பு மாதிரி நறநறங்குது, அடி மூலைல மசாலா அப்படியே கட்டியா கிடக்கு. இதே பாக்கெட் மணாலில சூப்பரா வந்துச்சு. அடுத்து இமாச்சல்ல 'பின் பார்வதி'ங்கற கணவாய்க்கு போறோம், 5,300 மீட்டர் தாண்டணும். தண்ணிய இன்னும் நேரம் கொதிக்க விடணுமா?

கோவைக்காரன்: வேணாம் ப்ரோ, கேஸ்தான் தீரும். உயரம் ஏற ஏற தண்ணி கொதிக்கற சூடு ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கொறையும், நிமாலிங்ல 84 டிகிரிலயே கொதிச்சிடும், அதுக்கு மேல எவ்வளவு எரிச்சாலும் சூடு ஏறாது. அங்க டென்ட்ல குக்கர் இல்லாம பருப்பு வைக்கவே மாட்டாங்க, கவனிச்சிருப்பீங்க. நேரத்தை டபுளாக்குங்க, 20 நிமிஷம். தண்ணி அளவு அதே போதும், நிறைய ஊத்தினா ரசமாயிடும்.

பனித்துளி: நேரம் மட்டும் கூட்டினா பத்தாது, அந்த காத்துல பாக்கெட் சீக்கிரம் ஆறிடும். பாக்கெட் உள்ள இருக்கற ஆக்சிஜன் அப்சார்பர (ஆக்சிஜன உறிஞ்சற சின்ன பை) எடுத்துட்டு, தண்ணி ஊத்தி, நீள ஸ்பூனால மூலை வரைக்கும் கிளறி, ஜிப்ப மூடி டவுன் ஜாக்கெட்ல சுத்தி மேட் மேல வைங்க, வெறும் தரைல வேணாம். பாதி நேரத்துல ஒரு தடவ திறந்து கிளறிட்டு உடனே மூடிடுங்க.

கோவைக்காரன்: ராஜ்மா நிஜமாவே ஃப்ரீஸ் ட்ரைடான்னு பாக்கெட்ட திருப்பி பாருங்க. ஃப்ரீஸ் ட்ரைல ஐஸ் நேரா ஆவியாகி துளை துளையா நிக்கும், தண்ணி சட்டுனு உள்ள போகும். சுடுகாத்துல காய வச்சது சுருங்கி இறுகிடும், அதுக்கு ரொம்ப நேரம் வேணும். மேல் கேம்புக்கு கிச்சடி, போஹா மாதிரி எடுத்துட்டு போங்க, ராஜ்மாவ கீழ இருக்கறப்பவே முடிச்சிடுங்க.

மலைக்காத்து: நன்றி ரெண்டு பேருக்கும். அப்பவும் ஊறலன்னா பாக்கெட்டோட அடுப்புல வைக்கலாமா?

பனித்துளி: ஐயோ வேண்டாம், உருகிடும். பாத்திரத்துல கொட்டி கொஞ்சம் தண்ணி விட்டு சின்ன தீயில கிளறுங்க, ஆனா டென்ட்டுக்கு வெளிய, உள்ள கார்பன் மோனாக்சைடு சேர்ந்தா தெரியவே தெரியாது. வெறும் பியூட்டேன் கேன் வாங்காதீங்க, ஜீரோ டிகிரி கிட்டயே வாயுவாகாம நின்னுடும், ஐசோபியூட்டேன் புரோப்பேன் கலந்தது எடுங்க. ஃப்ளைட்ல கேஸ் கொண்டு போக முடியாது, மணாலிலயே வாங்கிக்கோங்க.