பிறந்த குட்டிகளை நரியிடமிருந்து காப்பது எப்படி?

செம்மறி வளர்ப்போர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் மந்தையில் ஆடுகள் ஈனத் தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் ஆறு குட்டிகள் இறந்துவிட்டன. எல்லாமே பிறந்து மூன்று நாள்கூட ஆகாதவை. முதலில் நரியின் மீதுதான் முழுப் பழியையும் போட்டேன். ஆனால் குளிரிலோ பால் கிடைக்காமலோ செத்த குட்டியையும் நரி தின்னும் என்பதால், உடல்களைக் கவனமாகப் பார்த்தபோது, நான்கு குட்டிகளின் கழுத்தில் பல் பதிந்த இடத்தைச் சுற்றித் தோலுக்கடியில் இரத்தம் கட்டியிருந்தது. உயிரோடு இருக்கையில் கடிபட்டதற்கு அது அடையாளம். மற்ற இரண்டில் அப்படி இல்லை.

ஆடு ஈன்றபின் விழும் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) உடனுக்குடன் அகற்றி ஆழமாகப் புதைக்கிறேன். நிறைசினை ஆடுகளை வீட்டை ஒட்டிய பட்டிக்கு மாற்றிவிட்டேன். விட்டுவிட்டு எரியும் விளக்குகள் சில இரவுகளுக்கே பயன்பட்டன. நரி அவற்றுக்கு விரைவில் பழகிக்கொண்டது. விஷம் வைக்க எனக்கு மனமில்லை, அது நாயையும் கழுகையும்கூடக் கொல்லும்.

வேலிக்கு அடியில் நரி தோண்டி நுழைவதைத் தடுக்க, கம்பிவலையின் அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்து மண்ணில் பதிப்பது, தரையையொட்டி மின்கம்பி இழுப்பது ஆகிய இரண்டில் எது உங்களுக்கு நீடித்துப் பலன் தந்தது என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காவல் நாயை ஈனும் பருவத்தில் புதிதாக மந்தையில் சேர்த்தால், தாய் ஆடுகள் மிரண்டு குட்டிகளை விட்டு ஓடிவிடுமா?