மழைக்கு ஒழுகும் ஸ்லைடிங் ஜன்னல்: யூபிவிசிக்கு மாற்றினால் தீருமா?

செம்பூர்வாசி:
மும்பை செம்பூரில் 11ஆவது மாடி, ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது. பில்டர் போட்டுக் கொடுத்த அலுமினிய ஸ்லைடிங். காற்றோடு மழை அடித்தால் கீழ் டிராக்கில் தண்ணீர் நிரம்பி, உள்விளிம்பைத் தாண்டி சோபாவுக்குப் பின்னால் வழிகிறது. பழைய துணியைச் சுருட்டி வைத்துச் சமாளிக்கிறோம், அதைப் பிழிந்து காயப்போட இடமில்லை என்று அம்மா புலம்பல் வேறு. பார்க்க வந்த கடைக்காரர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம்) போட்டால்தான் சரியாகும் என்கிறார். உண்மையா? வெளியே பெட்டி கிரில் இருக்கிறது, அதைக் கழற்றுகிற பேச்சே இல்லை, செடியெல்லாம் அதில்தான்.

முலுண்ட் மாமி:
நாங்கள் யூபிவிசிக்கு மாறிவிட்டோம், ஒழுகல் நின்றது, ரயில் சத்தமும் குறைந்தது. துருப்பிடிக்கும் கவலை கிடையாது, சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தால் போதும். தின்னர், ஆசிட் மட்டும் கிட்டே கொண்டு போகாதீர்கள். செலவுதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

சட்டமும் கண்ணாடியும்:
இந்த வேலையில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன், அலுமினியமா யூபிவிசியா என்பது இரண்டாவது கேள்வி. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள். கீழ் டிராக்கின் வெளிப்பக்கம் நீளவாக்கில் சின்னத் துளைகள் இருக்கும், டிராக்கில் விழும் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பாதி வீடுகளில் அது தூசி, பெயின்ட், சிமென்ட் எல்லாம் சேர்ந்து அடைத்துக் கிடக்கும்; எறும்பு வருகிறது என்று சிலிக்கான் வைத்து மூடியவர்களையும் பார்த்திருக்கிறேன். மழை இல்லாத நாளில் டிராக்கில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள், உடனே வடியவில்லை என்றால் அடைப்புதான். வடிந்துவிட்டால் அடுத்து சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் வெளியிலிருந்து ஊற்றிப் பாருங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும், மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே கசிகிறது என்றே தெரியாது.

இன்னொன்று, டிராக்கின் உள்விளிம்பு உயரம். 60 கி.மீ. வேகக் காற்று நேராக வந்து மோதினால் டிராக்கில் இருக்கும் தண்ணீரை வடியவிடாமல் ஏறக்குறைய 17 மி.மீ. உயரத்துக்கு நிறுத்தி வைக்கும். 100 கி.மீ. என்றால் 47 மி.மீ. வரை போகும். மலிவான சட்டத்தில் விளிம்பு அவ்வளவு உயரம் இருக்காது. அதே மாதிரி குட்டை விளிம்பு யூபிவிசி ஸ்லைடிங் போட்டாலும் இதே கதைதான், மாமி வீட்டில் நல்ல சட்டமாக அமைந்திருக்கிறது!

செம்பூர்வாசி:
ஊற்றிப் பார்த்தேன் அண்ணா, குளம் மாதிரி நிற்கிறது. ஒரு துளையில் பெயின்ட், இன்னொன்றில் சிலிக்கான். எப்படி எடுப்பது? மாற்றினால் கதவு மாதிரித் திறக்கும் ஜன்னல் நல்லதா?

சட்டமும் கண்ணாடியும்:
மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள், டிரில்லைக் கொண்டு போகாதீர்கள், சட்டத்துக்குள் இருக்கும் வெற்றறையும் சேர்ந்து ஓட்டையாகிவிட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். கதவு மாதிரித் திறக்கிற கேஸ்மென்ட், சுற்றிலும் ரப்பர் பீடிங்கை அழுத்தி மூடுவதால் மழைக்கு ஸ்லைடிங்கைவிட நல்லதுதான். ஆனால் வெளியே திறந்தால் உங்கள் கிரிலும் செடியும் இடிக்கும், உள்ளே திறந்தால் திரைச்சீலை, சோபா. இந்த மழை போகட்டும், துளையைச் சுத்தம் செய்த பிறகும் வழிந்தால் மட்டும் உயர விளிம்புள்ள சட்டம் பாருங்கள்.

வெர்சோவா ராஜி:
கடலோரமாக இருப்பவர்கள் திருகு, கீல் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேட்டு வாங்குங்கள். 304 ரகம் உப்புக்காற்றில் பழுப்புப் புள்ளி போட்டுவிடும். உருளைக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிப் பசையாகிவிடும், சிலிக்கான் ஸ்ப்ரே போதும். அப்புறம், வெளித்தோற்றம் மாறுகிற மாதிரி ஜன்னல் மாற்றுவதாக இருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சொசைட்டியில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்கிவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் ஒருவர் பழுப்பு நிறச் சட்டம் போட்டுவிட்டு இன்னும் செயலாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.