நம்ம குமரி ரோட்டுக்கு எத்தனை பிஎஸ் (குதிரைத்திறன்) போதும்? 8ஆ, 20ஆ, 43ஆ?

வள்ளியாறு:
வண்டி வாங்கப் போறவன்கிட்ட நம்ம ஊர்ல முதல் கேள்வி "எத்தனை சிசி?"தான். அதை விட்டுட்டு வேற மாதிரி கேட்டுப் பாப்போம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு தினமும் போயிட்டு வர்றவனுக்கு எஞ்சின்ல நிஜமாவே எத்தனை பிஎஸ் செலவாகுது?

112 கிலோ ஸ்பிளெண்டர், மேல 75 கிலோ ஆள், நிமிர்ந்த உக்காரல். காத்தைக் கிழிக்கிற பரப்பு, வடிவத்தோட குணகத்தையும் (அந்த வடிவத்தைக் காத்து எவ்வளவு எதிர்க்கும்ங்கிற எண்) பெருக்கி, 0.6 சதுர மீட்டர்னு வச்சுக்குங்க. சமதளம், காத்து இல்லை. செயின்லயும் கியர்பாக்ஸ்லயும் போற 12, 13 சதவீதத்தையும் சேத்தா எஞ்சின் கொடுக்க வேண்டியது 60 கிமீ வேகத்துக்கு 3.3 பிஎஸ், 80க்கு 7, 100க்கு 13. காத்துக்கு ஆகற பவர் வேகத்தோட கனத்துக்கு ஏறும், அதாவது வேகம் ரெண்டு மடங்கானா பவர் எட்டு மடங்கு. அதனாலதான் 80ல இருந்து 100க்குப் போறதுக்குள்ள கிட்டத்தட்ட இரட்டிக்குது.

ஸ்பிளெண்டர்ல இருக்கது 8.02 பிஎஸ். 2018 அறிவிப்புல டூவீலருக்கு நாலுவழிச் சாலையில 80, மத்த ரோட்டுல 60னு வேக வரம்பு போட்டிருந்தாங்க. 80க்கு வேண்டிய 7ஐ இரட்டிச்சு வச்சாலும் 15ஐத் தாண்டாது. ஆக 15 பிஎஸ்க்கு மேல கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் ஷோரூமுக்குப் போடற நேர்ச்சைக் காசு. மறுக்கிறவங்க கணக்கோட வாங்க.

முப்பந்தல்காரன்:
"காத்து இல்லை"ன்னு ரெண்டு வார்த்தை எழுதி எங்க ஊரையே அழிச்சிட்டீங்களே அண்ணாச்சி. கரண்ட் எடுக்கிற காத்தாடி அத்தனையையும் எதுக்கு நட்டு வச்சிருக்கான்னு நெனச்சீங்க?

ஆனி, ஆடியில மேல்காத்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியா கிழக்காமப் பாயும். காவல்கிணறுல இருந்து நாகர்கோவிலுக்கு வர்றவனுக்கு அது நேர் எதிர்க்காத்து. 40 கிமீ காத்துன்னு வச்சு உங்க கணக்கையே திருப்பிப் போடுங்க. வண்டி 60ல போனா உடம்புல அடிக்கிற காத்து 100. எஞ்சின் கொடுக்க வேண்டியது 8 பிஎஸ், அதாவது ஸ்பிளெண்டரோட மொத்தக் கையிருப்பு. அந்த 8ம் 8000 ஆர்பிஎம்லதான் (எஞ்சின் நிமிஷத்துக்கு 8000 சுத்து சுத்தும்போதுதான்) கிடைக்கும், டாப் கியர்ல 60ல போகும்போது ஆர்பிஎம் அங்க இருக்காது. அதனால டாப்ல 50லயே திணறும். மூணாவதுக்கு இறக்கினாத்தான் நகரும்.

அதே காத்துல 80 போகணும்னா 15 பிஎஸ் வேணும். 14 பிஎஸ் பல்சர் 150யே அதைப் பிடிக்காது. நீங்க சட்டத்துல காட்டின 80ஐ எங்க ஊர்ல ஓட்டவே நீங்க போட்ட 15 வரம்பு முழுசாத் தேவைப்படுதே!

வள்ளியாறு:
கணக்கு சரிதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தக் காத்துல 80 போகணும்னு யாரு சொன்னா? சில நேரம் அது பக்கவாட்டுல அறையும். ஒரு லாரியோட மறைவுல இருந்து வெளிய வந்த நொடியில வண்டி ஒரு முழம் தள்ளிப் போகும். அதுக்கு பிஎஸ் மருந்தில்ல. வேகத்தைக் குறைச்சு, பிடியைத் தளர்த்தி, முட்டியால டேங்கைக் கவ்விக்கிடணும். 43 பிஎஸ் வச்சிருக்கவனும் அங்க 60லதான் போகணும்.

390காரன்:
அண்ணே, ஒரே வேகத்துல ஓட்டற கணக்கையே ரெண்டு பேரும் போட்டுட்டிருக்கீங்க. ரோட்டுல பவர் தேவைப்படறது ஓவர்டேக்குக்கு. கல்லும் எம்சாண்டும் ஏத்திக்கிட்டு களியக்காவிளை பக்கம் ஊர்ந்து போற டாரஸ் லாரி பின்னால நின்னு புகையைக் குடிக்கிறதுக்கா வண்டி வாங்குறோம்? கையிருப்புல பவர் இருந்தா எதிர்ப்பக்கத்துல இருக்கற நேரம் குறையும். நேரம் குறைஞ்சா ஆபத்து குறையும். இதுக்கு என்ன பதில்?

வள்ளியாறு:
நல்ல கேள்வி, மக்கா. 60ல இருந்து 80க்கு ஏற ஆகற நேரத்தைப் பாப்போம். காத்துக்கும் டயர் உருளலுக்கும் போக மிச்சமுள்ள பவர்தான் வேகத்தைக் கூட்டும்.

ஸ்பிளெண்டருக்கு மூணாவது கியர் 60க்கு மேல கத்தும், அதனால நாலாவதுலயே ஏறணும். மிச்சம் சராசரியா 1.3 கிலோவாட்தான் (சுமார் 1.8 பிஎஸ்), சுமார் 15 விநாடி ஆகும். பல்சர் 150 சரியான கியர்ல இருந்தா நாலரை. 20 குதிரை என்ஃபீல்டு கிளாசிக் 350, 195 கிலோ எடையையும் தூக்கிக்கிட்டு 3. 43.5 பிஎஸ் உள்ள பழைய 373 சிசி கேடிஎம் டியூக் 390 ஒண்ணும் சொச்சமும். இது உச்ச பவரை விடாமப் பிடிச்சா வர்ற கணக்கு. ரோட்டுல கியர் மாத்த, கை முறுக்கன்னு ஒண்ணு ரெண்டு விநாடி கூட்டிக்கிடுங்க.

8ல இருந்து 14 பிஎஸ்க்குப் போனா 10 விநாடி லாபம். 14ல இருந்து 20க்கு ஒன்றரை. 20ல இருந்து 43க்கு, பவரை இரட்டிச்சும், ரெண்டுக்கும் கீழ. முதல் ஆறு பிஎஸ்ஸோட விலை வேற, கடைசி 23 பிஎஸ்ஸோட விலை வேற.

தேங்காப்பட்டணம்:
ஆக 8 பத்தாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கொள்ளாம்.

வள்ளியாறு:
தனி ஆளா ஊருக்குள்ள ஓட்ட 8 போதும். பின்னால ஆளை வச்சு என்எச் 66ல லாரியைத் தாண்டணும்னா பத்தாது. அந்த 15 விநாடி 20ஐத் தாண்டிடும். இதை முதல்லயே சொல்லியிருக்கணும், என் தப்புதான்.

390காரன்:
ஒண்ணும் சொச்சமும் ஆகிற இடத்துல எனக்கு மூணு ஆகட்டும்னு ஏன் விடணும்? ரெண்டு விநாடியில எதிர்ல வர்ற பஸ் 30 மீட்டருக்கு மேல வந்திடும்.

ஹேர்பின்:
இவ்வளவு நேரமா யாருமே பார்வைத் தூரத்தைப் பேசலையே. 10 மீட்டர் லாரி 50ல போகுது. பின்னால 15 மீட்டர், தாண்டினப்புறம் முன்னால 15 மீட்டர் இடைவெளி வச்சா, லாரியை விட 40 மீட்டர் கூட ஓடணும். 70ல தாண்டினா 7 விநாடி. அதுக்குள்ள நாம 140 மீட்டர் போயிருப்போம், எதிர்ல 60ல வர்றவன் 120 மீட்டர் வந்திருப்பான். ஆக 260 மீட்டர் வெறும் ரோடு கண்ணுக்குத் தெரியணும். 60லயே தாண்டப் பாத்தா 14 விநாடி, 480 மீட்டர்.

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவுல பழைய ரோட்டுல 260 மீட்டர் நேராத் தெரியற இடம் எத்தனைன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க. வளைவு, தென்னை, மதில், பிறகு மறுபடி வளைவு. அங்க டியூக்கும் ஸ்பிளெண்டரும் ஒரே லாரி பின்னாலதான். டியூக்காரன் மட்டும் 150 மீட்டர் தெரிஞ்சதுமே "போயிடலாம்"னு நெனப்பான். பவர் கூடினா ஆபத்து குறையும்கிறது, பவர் கூடினப்புறமும் அதே இடைவெளிக்குக் காத்திருக்கவனுக்கு மட்டுந்தான் பொருந்தும்.

பிரேக்கையும் சேத்துப் பாருங்க. காஞ்ச ரோட்டுல நல்லாப் பிடிச்சா 60ல இருந்து நிக்க 20 மீட்டர், 80ல இருந்து 36. பிரேக்கைத் தொடறதுக்கு முன்னால போற ஒரு விநாடியையும் சேத்தா 37ம் 58ம். மழையில ரப்பர் இலை ஒட்டிக் கிடக்கிற குலசேகரம் ரோட்டுல பிரேக் தூரம் மட்டும் கிட்டத்தட்ட இரட்டிக்கும்.

முப்பந்தல்காரன்:
பிரேக்னு சொன்னீங்களே, சிசி கூடின வண்டிக்கு என் ஓட்டு அதுக்குத்தான். 2019 ஏப்ரல்ல வந்த விதிப்படி 125 சிசிக்கு மேல, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமப் பாத்துக்கிற ஏபிஎஸ் கட்டாயம். 125 வரைக்கும் ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடிக்கிற சிபிஎஸ் இருந்தாப் போதும்னு விட்டுட்டாங்க. சக்கரம் பூட்டாம இருக்கறதுக்கு சிபிஎஸ் ஒண்ணும் செய்யாது. 150 வாங்கறவன் 14 பிஎஸ்ஸோட முன் டிஸ்க், ஏபிஎஸ், அகலமான டயர்னு மூணு சாமானையும் சேத்து வாங்குதான். பவரை அவன் தொடாமலே வச்சிருந்தாலும் காசு வீண் இல்ல.

வள்ளியாறு:
இதுக்கு மறுபேச்சு இல்ல. பைக்கைத் தேர்ந்தெடுக்க இந்தத் திரியில வந்ததுலயே நல்ல காரணம் இதுதான்.

ரப்பர்தோட்டம்:
மலையை மறந்துட்டீங்களே. பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு ஏறணும்னா பிஎஸ் இல்ல வோய், டார்க்தான் (எஞ்சின் சுழற்றுற விசை) முக்கியம். கிளாசிக் 350ல 27 நியூட்டன் மீட்டர் 4000 ஆர்பிஎம்ல வருது. யமஹா ஆர்15ல 14.2, அதுவும் 7500ல. அதனால மலைக்கு புல்லட்தான்.

ஹேர்பின்:
டார்க்கைப் பத்தி எல்லாரும் சொல்லுத தப்பையே நீங்களும் சொல்லுதீங்க. ஏத்தத்துல வண்டியைத் தள்ளறது பின் சக்கரத்துல வர்ற இழுவை. எஞ்சின் டார்க்கைக் கியர் பெருக்கிக் கொடுக்குது. எஞ்சின் வேகமாச் சுத்தற ஆர்15க்குக் கியர் குட்டையா வச்சிருப்பான், பெருக்கல் கூட வரும். ஒரே வேகத்துல ஒரே பவர் கொடுக்கிற ரெண்டு வண்டிக்கும் சக்கரத்துல இழுவை ஒண்ணேதான்.

10 சதவீத ஏத்தத்துல ஸ்பிளெண்டர்ல ரெண்டு பேர் 30ல போக எஞ்சின் 4 பிஎஸ் கொடுத்தாப் போதும். ரெண்டாவது கியர்ல அது தாராளமா இருக்கு. குளச்சல்ல மீன் பெட்டியோட ஓடற டிவிஎஸ் எக்ஸ்எல் 100ஐப் பாருங்க. 4.4 பிஎஸ், ஒரே கியர். 30ல போகும்போது அந்த 4.4ம் வராது, அதான் ஏத்தத்துல சோர்ந்து போகுது. அங்க பத்தாதது பவர் இல்ல, கியர்தான்.

டார்க் கீழ ஆர்பிஎம்ல வந்தா என்ன நல்லதுன்னா, கியரை இறக்காமலே ஏறலாம். கை நோகாது, சத்தம் இல்லை, இறக்கத்துல எஞ்சின் பிரேக்கும் நல்லாப் பிடிக்கும். ஆர்15காரன் அதே வளைவுல ரெண்டு கியர் இறக்கி 7000ல வச்சு ஓட்டணும். சோம்பேறிக்கு புல்லட், சுறுசுறுப்புக்கு ஆர்15. ஏறறது ரெண்டும் ஏறும்.

ரப்பர்தோட்டம்:
சோம்பேறின்னு சொன்னதுக்குக் கோவமில்ல. கணக்கு புரிஞ்சுது. ஆனா மழையில ஈரமான வளைவுல கியர் இறக்கி 7000ல ஓட்டறவன் கை கொஞ்சம் அதிகமா முறுக்கினாலும் பின் டயர் வழுக்கும். அதையும் எழுதிக்கிடுங்க.

டேப்பட்:
எல்லாரும் புரோஷர்ல போட்ட பிஎஸ்ஸை வச்சு அடிச்சுக்கிறீங்க. ரோட்டுல ஓடற வண்டியில பாதிக்கு அந்த பிஎஸ்ஸே கிடையாது. "100 சிசி இழுக்கல, 150க்கு மாறணும்"னு சொல்றதுக்கு முன்னால இதைப் பாருங்க.

முதல்ல கிளட்ச். வெறும் ரோட்டுல டாப் கியர்ல 40ல போயிட்டே ஆக்சிலேட்டரை முழுசாத் திருப்புங்க. சத்தம் சட்டுனு ஏறி, வேகம் மெதுவா ஏறினா கிளட்ச் வழுக்குது. லீவர் நுனியில 10ல இருந்து 15 மிமீ ஆட்டம் இருக்கணும். ஆட்டமே இல்லாம கேபிளை முறுக்கி வச்சிருந்தா பிளேட் எப்பவும் அரைகுறையாத்தான் ஒட்டும், கருகிடும். கேபிள் சரியா இருந்தும் வழுக்கினா ஆயிலைப் பாருங்க. கார் ஆயில்ல உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கும். பைக்ல கிளட்ச் அதே ஆயில்லதான் முங்கிக் கிடக்கு. டப்பாவுல ஜாஸோ எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு போட்டிருக்கணும்.

அடுத்தது செயின். கடலோரத்துல உப்புக்காத்துல துரு ஏறி கண்ணி இறுகிடும். சென்டர் ஸ்டாண்டுல போட்டு நியூட்ரல்ல சக்கரத்தைக் கையால சுத்துங்க. செயின் ஒரு இடத்துல இறுக்கம், ஒரு இடத்துல தொய்வுன்னு வந்தா அது முடிஞ்சுது. இறுக்கமான இடத்துல வச்சு 20ல இருந்து 30 மிமீ ஆடற மாதிரி வைங்க. அதே சுத்துல பின் டிரம் பிரேக் உரசுதான்னும் தெரிஞ்சிடும்.

புகையை வெளிய விடற எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதைத் தள்ளற டேப்பட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி இறுகிப் போச்சுன்னா வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் கசியும். சத்தமே வராததால யாரும் கண்டுக்க மாட்டாங்க. டக்டக்னு சத்தம் போடற டேப்பட்டை விட சத்தமில்லாத டேப்பட் மோசம்.

390காரன்:
டேப்பட் அண்ணே, அப்ப பவரே வேண்டாம்கிறீங்களா?

டேப்பட்:
வேணுங்கிறவன் வாங்கட்டும் தம்பி, காசு உன்னுது. அந்தக் காசை மட்டும் சொல்லிடறேன். பெட்ரோல் லிட்டர் 100னு வச்சு, தினம் 60 கிமீக்கு, 65 கொடுக்கிற வண்டியில 92 ரூபாய், 35 கொடுக்கிற கிளாசிக்ல 171, 25 கொடுக்கிற உன் வண்டியில 240. டயர், செயின் செட் தனி.

தேங்காப்பட்டணம்:
ஆர்எக்ஸ் 100ஐ யாரும் தொடலையே. 98 சிசி, 11 குதிரை, நூத்திச் சொச்சம் கிலோ. ஆளோட எடையையும் சேத்தா ஒரு டன்னுக்கு 62 குதிரை. பல்சர் 150க்கும் கிட்டத்தட்ட அதேதான். நம்ம ஊர்க்காரன் அதைப் பறவைன்னு சொன்னதுக்குக் காரணம் சிசி இல்ல, எடை.

ரப்பர்தோட்டம்:
கடைசியா ஒரு சந்தேகம், டேப்பட். ரப்பர் ஷீட் கட்டிக்கிட்டு மேடு ஏற 100 சிசியில ஸ்பிராக்கெட் (செயின் ஓடற பல் சக்கரம்) மாத்தினாப் போதும்கிறாங்களே, சரியா?

டேப்பட்:
பின்னால மட்டும் பல் எண்ணிக்கையைக் கூட்டுங்க. 42 பல் இருந்தா 44 போடுங்க, சக்கரத்துல இழுவை 4.8 சதவீதம் கூடும். அதே வேகத்துல ஆர்பிஎம்மும் அவ்வளவு கூடும், டாப் ஸ்பீடு குறையும், மைலேஜ் கொஞ்சம் போகும். எஞ்சின் பவர் ஒரு பிஎஸ்கூட ஏறாது. முன்னால 14ஐ 13 ஆக்கினா 7.7 சதவீதம் கிடைக்கும்னு சிலர் மாத்துவாங்க, செய்யாதீங்க. சின்ன வட்டத்துல செயின் கூட மடங்கி சீக்கிரம் தேயும், பின் சக்கரத்தைத் தாங்கற ஸ்விங் ஆர்ம் மேல உள்ள ரப்பரையும் அறுக்கும். பல் கூடினதும் பழைய செயின் நீளம் பத்தாமப் போகலாம். தேஞ்ச செயினுக்கு ரெண்டு கண்ணி ஒட்டுப் போடாம, செயின், முன் பல், பின் பல் மூணையும் ஒரே செட்டா மாத்துங்க. 500 கிமீ ஓடினதும் ஒருதடவை தொய்வு பாருங்க, புதுச் செயின் முதல்லதான் நீளும்.